சால்வைக்கு பி.எஃப். கிடையாது

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏதாவது நல்லது செய்ய நினைப்பவர்கள் முதல் வேலையாக அவர்களைப் புகழ்வதை நிறுத்த வேண்டும். செப்டம்பர் 5 வந்தால் ஒரு சால்வை, ஒரு பேனா, பெற்றோருக்கு அடுத்த இடம், தெய்வத்துக்கு முந்திய இடம் என்று ஒரு மேடைப் பேச்சு. இடம் மட்டும் வருஷா வருஷம் உயர்கிறது, இன்கிரிமென்ட் வருவதில்லை. இதை வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட வேண்டாம். புகழுக்கும் சம்பளத்துக்கும் உள்ள பகைக்குச் சட்டப் புத்தகத்திலேயே சான்று இருக்கிறது. அந்தப் பகையைப் பார்க்கத் திருவதிகை வசதியான ஊர். ஒரு பக்கம் பண்ருட்டி முந்திரி, இன்னொரு பக்கம், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. முந்திரி உடைக்கிற அம்மாவுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் உண்டு. முதலாளி அதன்படி கொடுக்கிறாரா என்பது வேறு கதை, கேட்பதற்குச் சட்டம் உண்டு. 1956ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் தொழிலாளி. அவருக்குச் சங்கம் உண்டு, வாயிற்கூட்டம் உண்டு, போனஸ் பேச்சுவார்த்தை உண்டு. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மஞ்சள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறார்கள். அங்கே போர்டுக்கு முன்னால் நிற்கிற மிஸ் மட்டும் தொழிலாளி இல்லை. ஏனென்றால் அவர் செய்வது புனிதப் பணி.

இதை மேடைப் பேச்சாளர் சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொன்னது உச்ச நீதிமன்றம். 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த ஏழு பேர் அமர்வு, கல்வி நிலையமும் தொழில் நிறுவனம்தான் என்றது. அடடா, விடிந்தது என்று ஆசிரியர்கள் நிமிர்ந்திருப்பார்கள். பத்து வருஷம் கழித்து, 1988ல், கோவாவில் தனியார் பள்ளியில் வேலை இழந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. பள்ளி தொழில் நிறுவனம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அங்கே பாடம் நடத்துபவர் தொழிலாளி அல்ல என்று தீர்ப்பானது. கற்பிப்பது உயர்ந்த பணி, அதை உடலுழைப்பு, எழுத்தர் வேலை என்ற கணக்கில் சேர்க்க முடியாது என்பது காரணம். ஆக, பள்ளியில் மணி அடிப்பவர் தொழிலாளி. மணி அடித்ததும் ஓடுகிறவர் இல்லை. 1996ல் இன்னொரு வழக்கு. ஹரியானா அரசு தனியார் பள்ளி ஆசிரியர்களையும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தது. அதுவும் செல்லாது என்றாயிற்று. சுந்தராம்பாள் வழக்கில் சொன்ன காரணமே அங்கேயும் நின்றது. ஒரு பெண் நியாயம் கேட்டுப் போட்ட வழக்கு, நாடு முழுக்க மற்றவர்களுக்கும் நியாயம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டது.

பிரதான வேலை எதுவோ அதை வைத்துத்தான் தொழிலாளியா இல்லையா என்று சட்டம் முடிவு செய்யும் என்பார்கள். செய்யட்டும். கூடவே ஒரு தனியார் பள்ளி ஆசிரியையின் நாளையும் பார்க்கட்டும். காலையில் வேனில் பிள்ளைகளை எண்ணி ஏற்றுகிறார், இது மேற்பார்வை. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, ரேங்க் கார்டு, கட்டணம் கட்டாதவர் பட்டியல் எழுதுகிறார், இது எழுத்தர் வேலை. ஆறு பீரியட் நிற்கிறார். உட்கார்ந்தால் சிசிடிவியில் தெரியும், நாற்காலியே போடாத வகுப்புகளும் உண்டு. இது உடலுழைப்பு இல்லை என்பவர் ஒருமுறை நின்று பார்க்கலாம். ஏப்ரல், மே வந்தால் அட்மிஷன் கேன்வாஸ்: நோட்டீஸும் கையுமாகத் தெருத் தெருவாகப் போய், மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்ட வேண்டும். சேல்ஸ்மேன் வேலை என்றாலும் கமிஷன் இல்லை. பல பள்ளிகளில் அந்த மே மாதத்துக்குச் சம்பளமும் இல்லை. தொழிலாளி என்ற வரையறையில் இருக்கிற எல்லாச் சொல்லுக்கும் பொருத்தமான வேலை ஒன்றாவது செய்கிறார். மிச்ச நேரத்தில் பாடமும் நடத்துகிறார். அந்தப் பாடம் நடத்துகிற பாவத்தால்தான் தொழிலாளி இல்லை என்றாகிறது.

பணிக்கொடை கதை இன்னும் ருசியானது. ஐந்து வருஷம் தொடர்ந்து உழைத்தவர் விலகும்போது, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொன்னது 1972ஆம் வருஷச் சட்டம். மாதம் பத்தாயிரம் வாங்குகிற ஒருவர் இருபது வருஷம் உழைத்தால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் சொச்சம் வரும். அதற்குக்கூட ஆசிரியர் தகுதியில்லை என்று அகமதாபாத் ஆசிரியர்கள் போட்ட வழக்கில் 2004ல் தீர்ப்பு வந்தது. காரணம் அதே பழைய காரணம்தான். வேண்டுமானால் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போடட்டும் என்று நீதிமன்றம் ஒரு வார்த்தையும் சேர்த்தது. நாடாளுமன்றம் 2009ல் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் முதல் செல்லும் என்றும் எழுதியது. உடனே தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்கு ஓடியது. 2022 ஆகஸ்டில் திருத்தம் செல்லும் என்று முடிந்தது. பணிக்கொடை என்பது முதலாளி போடுகிற தர்மம் இல்லை, வேலைக்குரிய குறைந்தபட்ச நிபந்தனை என்று சொல்ல இத்தனை வருஷம். இந்த வழக்குகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஜெயித்த இடம் ஒன்றே ஒன்று. அங்கே யாரும் அவரை மகான் என்று சொல்லவில்லை, ஊழியர் என்று சொன்னார்கள்.

இதற்கு நிர்வாகம் சொல்லும் பதில் பொய்யல்ல. தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி கட்டணத்தைக் குழுதான் நிர்ணயிக்கிறது. பெற்றோர் மூன்றாம் தவணையைப் பொங்கலுக்குத் தருகிறேன், மாசிக்குத் தருகிறேன் என்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி சேர்த்த 25 சதவீதப் பிள்ளைகளுக்கான பணம் அரசிடமிருந்து ஆடி அசைந்து வருகிறது. கீற்றுக் கொட்டகை காலத்திலிருந்து கடன் வாங்கி நடத்துகிற சின்னப் பள்ளிகளும் இருக்கின்றன, அவற்றைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஆனாலும் டீசல் விலை ஏறினால் வேன் கட்டணம் ஏறுகிறது. பங்க் ஊழியரிடம், தம்பி, நாங்கள் கல்விச் சேவை செய்கிறோம், பாதி விலைக்குப் போடு என்று எந்த கரஸ்பாண்டென்டும் கேட்பதில்லை. பெயின்ட்காரரிடமும் கேட்பதில்லை, கம்ப்யூட்டர் கம்பெனியிடமும் கேட்பதில்லை. பற்றாக்குறை வந்தால் சேவை மனப்பான்மை எதிர்பார்க்கப்படுவது சம்பளப் பட்டியலில் மட்டும். கட்டணக் குழுவுமே பள்ளியின் செலவைப் பார்த்துத்தான் தொகை சொல்கிறது. சம்பளம் என்ற செலவைக் காட்டினால்தானே அது கணக்கில் ஏறும்?

அடுத்த வாதம், இவர்கள் யாரும் நிலையாக இருப்பவர்கள் இல்லை, டெட் தேர்வு எழுதி அரசு வேலை கிடைக்கும் வரை தங்குகிறவர்கள், இல்லாவிட்டால் கணவர் சம்பளத்தோடு கைச்செலவுக்கு வருகிறவர்கள் என்பது. நிலையாக இருக்க மாட்டார்கள் என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தால், சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டுகிற பள்ளிகள் எதற்குப் பூட்டுகின்றன என்று புரியவில்லை. கணவர் நெய்வேலியில் நல்ல வேலையில் இருந்தால் மனைவிக்குச் சம்பளம் குறைக்கலாம் என்பது நியாயமானால், அங்காளி பங்காளி சொத்தையும் விசாரித்துக் குறைத்துக்கொள்ளலாம். சரி, டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றால், கட்டாயக் கல்விச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதையும் தடுக்கிறது. தொழிலாளி உரிமை, கூலி, டியூஷன் மூன்றுக்கும் வழி அடைத்த பிறகு மிஞ்சுவது சால்வைதான். அதையும் மடித்து வைத்து அடுத்த கிரகப்பிரவேசத்தில் வேறு யாருக்காவது போர்த்தலாம்.

கடைசியாக மரபைக் கொண்டுவருவார்கள். நம் நாட்டில் கல்வி விலைக்கு விற்றதில்லை; அதிலும் திருவதிகை, அப்பர் சூலை நோய் தீர்ந்து தொண்டில் இறங்கிய மண், இங்கே நின்று சம்பளம் பேசலாமா? மரபை ஒழுங்காகப் படித்தவர் இப்படிக் கேட்கமாட்டார். பவணந்தி முனிவரின் நன்னூல், யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. தன் மகன், ஆசிரியரின் மகன், அரசன் மகன், அடுத்து தாராளமாகப் பொருள் கொடுப்பவன். சொன்னதைப் புரிந்துகொள்ளும் புத்திசாலி கடைசியில்தான் வருகிறான். மேனேஜ்மென்ட் கோட்டாவைப் பவணந்தி முனிவர் அப்போதே ஒதுக்கிவிட்டார். திருவதிகைக்காரரான மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் என்ற நூலில் கேட்க ஒரு மாணவர், சொல்ல ஒரு குரு. ஒன்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைக் கொடுத்தால் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், சட்டம் தொடக்க வகுப்புக்கு அனுமதிப்பது முப்பதுக்கு ஒருவர். அப்பரையே எடுத்துக்கொள்வோம். பஞ்ச காலத்தில் அவரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியபோது இறைவனே தினமும் ஆளுக்கொரு பொற்காசு படியாக வைத்தார். தொண்டுதானே, சும்மா செய் என்று சிவபெருமான் சொல்லவில்லை. உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்த அப்பருக்கு நல்ல காசு. பாட மட்டும் செய்த சம்பந்தருக்கு வட்டம் பிடிக்கிற மட்டக் காசு. உடலுழைப்பு, மற்றது என்று 1988ல் பிரித்த கணக்கைத் திருவீழிமிழலையில் முன்பே பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. சம்பந்தர் என்ன செய்தார்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு புனிதம் என்று பேசாமல் இருக்கவில்லை. இந்தக் காசு ஆகாது, குறையை நீக்கிக் கொடு என்று நேரே சந்நிதியில் பதிகம் பாடிவிட்டார். நல்ல காசு வந்தது. அதற்குப் பிறகு அவருடைய பாட்டில் அர்ப்பணிப்பு குறைந்துவிட்டதாகச் சேக்கிழார் எங்கும் குறிப்பிடவில்லை.