அலையாத்தி இலை அரைக்கிற பேரனுக்கு

வாடா ராசா. தேங்காய்த்திட்டுச் சேத்துல முழங்கால் வரைக்கும் இறங்கி அலையாத்தி இலையைக் கிள்ளிக் கிள்ளிப் பையில போட்டியாமே? துறைமுகத்துப் பசங்க, "உங்க பேரன் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறானா?"ன்னு கேட்டானுங்க. ஆமாம்பா, எம்.எஸ்சி. படிச்ச ஆடுன்னு சொல்லி வச்சேன்.

நல்ல வேலைதான். ஆனா ஒரு இலையை நாக்குல வச்சுப் பாத்தியா? கரிக்கும். வேர் உறிஞ்சின உப்பை அந்த மரம் இலை வழியாத்தான் வெளியே தள்ளும். மேல வெள்ளையா பூத்திருக்கும் பாரு. கழுவாம அரைச்சேன்னா, உப்பையும் சேத்து எடை போட்டுட்டு, "சாறு நெறைய வந்துச்சு"ன்னு குதிப்பே. ஒரு கிளையை ஒடிச்சுக் காயவச்சு, நம்ம புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டுல காட்டு. 1955-ல ஆரம்பிச்ச இடம், காய்ஞ்ச செடியா ஒட்டி அடுக்கி வச்சிருக்காங்க. எந்த மரம்னு தெரியாமலே என்ன சத்துன்னு எழுதறது, பொண்ணு பேரு தெரியாம பத்திரிகை அடிக்கிற கதை.

அப்புறம் சாத்துல ஆன்டிஆக்சிடன்ட் வேகம் எவ்வளவுன்னு பாக்கற அந்த டிபிபிஎச்சு சோதனை. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே, நீ தூங்கறப்ப உன் நோட்டைப் புரட்டினேன். ஊதாக் கரைசல்ல சாத்தை விட்டு, அரை மணி நேரம் இருட்டுல வச்சு, 517 நானோமீட்டர்ல பாக்கறே. ஊதா போய் மஞ்சளானா விசில் அடிப்பே. அடி, வேணாங்கல. பக்கத்துக் குழாயில முக்குக்கடை டீத்தண்ணியை ரெண்டு சொட்டு விட்டுப் பாரு. அதுவும் மஞ்சளாகும். அதுக்காகக் கடைக்காரரை டாக்டர்னு கூப்பிடுவியா?

பாதி ஊதா போக எவ்வளவு சாறு வேணும்னு ஒரு நம்பர் வருமே, அது கொறஞ்சாத்தான் கெட்டிக்காரச் சாறு. பரிச்சை மார்க்குன்னு நெனச்சுப் பெரிய நம்பருக்குப் பல்லை இளிக்காதே. வைட்டமின் சி-யையும் கூடவே வச்சுப் பாரு, உன் இலை எந்த மூலைன்னு தெரிஞ்சுடும்.

உன் நோட்டுல இல்லாத சங்கதி ஒண்ணு. அமெரிக்க வேளாண்மைத் துறை, எந்தப் பழத்துல எவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் வேகம்னு பட்டியல் போட்டு வச்சிருந்துச்சு. 2012-ல அவங்களே அதை எடுத்துட்டாங்க. குழாயில வந்த நம்பர் உடம்புல அப்படியே நடக்கும்னு ஆதாரமில்ல. மாத்திரை விக்கிறவனுங்க விளம்பரத்துக்குத்தான் அது ஒதவுச்சு. நீ என்னடான்னா கடைசிப் பக்கத்துல "புற்றுநோய்க்கு மருந்தாகலாம்"னு ஒரு வரி எழுதி வச்சிருக்கே. எலிக்குக்கூட இன்னும் குடுக்கலியேடா!

அந்த வரியை அடிச்சுடு. சாறு பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டாராதே. உள்ள இருக்கறது சாறு எடுக்க ஊத்தின மெத்தனால். இலைச்சாறுன்னா உங்க ஆயா முழங்காலுக்குத் தேய்ச்சுக்குவா. உன் மாமன் மோந்து பாத்தான்னா தேய்க்க மாட்டான், கிளாஸ் தேடுவான். சிரிக்காதே, 2023-ல மரக்காணம் பக்கம் கள்ளச்சாராயத்துல கலந்து உசுருங்களை வாங்கினதும் இதே மெத்தனால்தான். லேபிலேயே வச்சுப் பூட்டு, சாவியை மாமன் கையில மட்டும் குடுத்துடாதே.