நிமிஷக்காரர்

வட ஜப்பானைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல் எதுவானாலும் அதில் ஒரு நிமிஷக்காரர் கட்டாயம் இருப்பார். மெல்பர்ன்காரராக இருக்கலாம், வான்கூவர்காரராக இருக்கலாம், சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எஞ்சினியராகவும் இருக்கலாம். எந்த ஊரானாலும் கோலம் ஒன்றுதான். அரைக்கால் சட்டையில் ஆறு பைகள், ஆறிலும் காகிதம். இரண்டு கையிலும் கடிகாரம்: ஒன்று கப்பல் நேரம், மற்றது ஊர் நேரம். ஜப்பான் முழுக்க ஒரே நேரம்தான், பக்கத்துக் கொரியாவிலும் அதேதான் என்று யாராவது சொன்னால், "அப்படி நம்பித்தான் ஜனங்க கப்பலைக் கோட்டை விடுறாங்க" என்பார். கழுத்தில் அறைச் சாவி அட்டை தொங்கும். அதன் முதுகில், லேமினேட் செய்த இன்னொரு அட்டை. அதுதான் அவோமோரி.

மற்றவர்களுக்கு அவோமோரி என்பது ஹோன்ஷு தீவின் வடகோடியில், ஆப்பிளுக்குப் பேர்போன ஒரு துறைமுகம். இவருக்கு அது பதினேழு வரிசை உள்ள எக்ஸெல் தாள். 7.00, கப்பல் கரை சேரும். 7.35, இறங்க அனுமதி. 7.41, தரையில் முதல் காலடி. வலது காலா இடது காலா என்று மட்டும் போடவில்லை. டிக்கெட் எடுத்த அன்றைக்கே இந்தத் தாளைத் திறந்துவிட்டார். ரயில்வே கால அட்டவணை மாறும்போதெல்லாம் தாளும் மாறியிருக்கிறது. கடைசியாக அச்சடித்தது பதிப்பு 11.

கேலியாகச் சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த மாதிரி ஆளுக்கென்றே செய்துவைத்த பிரதேசம் வட ஜப்பான். டோக்கியோவில் ரயில் போய்விட்டதா, மேடையில் நின்று மூக்கைச் சொறிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அவோமோரியிலிருந்து ஹிரோசாகிக்குப் போகும் ஓஉ பாதையில் கிட்டத்தட்ட மணிக்கு ஒரு வண்டிதான். மலைப்பக்கம் போகும் பஸ்கள் இன்னும் அபூர்வம். ஒரு வண்டி தப்பினால் ஒரு ஊர் தப்பும். நிமிஷத்துக்கு மரியாதை உள்ள இடத்தில் நிமிஷக்காரருக்கும் மரியாதை.

அவருடைய பரம எதிரி கப்பல்காரர்களே நடத்தும் டூர். கப்பல் கிளம்பிய முதல் நாளே, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கணக்குப் போட்டுக் காட்டுவார். "அவங்க ஏசி பஸ்ல ஏத்தி, மைக்கில பேசி, ரெண்டு இடம் காட்டிட்டு, ஒரு கடையில ஒன்றரை மணி நேரம் இறக்கி விடுவாங்க. நாமளே போனா கால்வாசிச் செலவு." கணக்கில் தப்பில்லை. ஆனால் லிஃப்ட் ஒன்பதாவது தளத்தைத் தாண்டுவதற்குள் சொல்ல முடியாத ஒரு விஷயமும் உண்டு. கப்பல் டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தானாகப் போனவர் தாமதமானால் கப்பல் கையசைத்துவிட்டுக் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு அவரவர் செலவில் போய்ச் சேரவேண்டியதுதான். இதைக் கேட்டால் நிமிஷக்காரர் சிரிப்பார். அதற்குத்தானே பதினாறாவது வரிசையில் 95 நிமிஷம் உபரி வைத்திருக்கிறார்.

லிஃப்ட் பிரசாரத்தில் எப்படியும் ஏழெட்டுப் பேர் விழுந்துவிடுவார்கள். முந்தின நாள் இரவு காபி மேசையில் கூட்டம். தலைக்கு ஒரு பிரதி. பச்சை நிறம் என்றால் கட்டாயம், மஞ்சள் என்றால் மழை இல்லாவிட்டால், சிவப்பு என்றால் ஆசைப்படக்கூடாது. சிவப்பில் இருப்பது ஒய்ராசே பள்ளத்தாக்கு. தொவாதா ஏரியிலிருந்து இறங்கும் ஆறு, 14 கிலோமீட்டர் நடைபாதை, வழி நெடுக அருவிகள். பஸ்ஸில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அதே. "முடியாது" என்று அவரே தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஆனாலும் கூட்டத்தில் பாதி நேரம் ஒய்ராசேயைப் பற்றித்தான் பேசுவார். போக முடியாத இடத்தின் பஸ் நேரம்தான் அவருக்கு மனப்பாடம்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு மெனக்கெடத் தேவையே இல்லாத ஊர் அவோமோரி. கப்பலை விட்டு இறங்கிக் கடலோரமாகவே நடந்தால் கால் மணி, இருபது நிமிஷத்தில் ரயில் நிலையம். அதை ஒட்டியே நெபுதா அருங்காட்சியகம், வா ரஸ்ஸே என்று பெயர், 2011இல் திறந்தது. ஆகஸ்ட் 2 முதல் 7 வரை நடக்கும் நெபுதா திருவிழாவில் தெருவில் இழுத்துப்போகும் ராட்சத விளக்குச் சிற்பங்களில் சிலவற்றை மற்ற நாட்களில் இங்கே நிறுத்தி வைக்கிறார்கள். கம்பி வளைத்து, ஜப்பானியக் காகிதம் ஒட்டி, வண்ணம் தீட்டி, உள்ளே விளக்குப் போட்ட போர்வீரர்களும் அசுரர்களும். ஒன்பது மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம் இருக்கும். இருட்டறையில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற ஒன்றின் முன்னால் போய் நின்றால் யாருக்கும் அட்டவணை மறந்துபோகும். அந்த ஆபத்து தெரிந்துதானோ என்னவோ, நிமிஷக்காரர் இதற்கு 20 நிமிஷம்தான் ஒதுக்கியிருக்கிறார். அதுவும் மஞ்சளில்.

காலை உணவின்போது அவர் மனைவி கேட்பார், "அந்த விளக்குப் பொம்மை இருக்கிற இடம் இங்க பக்கத்துலதானாமே? முதல்ல அங்க போயிடலாமே?"

"பக்கத்துல இருக்கிறது ஓடியா போகும்? அது பதினாலாவது வரிசை."

"ஸ்டேஷன்கிட்ட ஒரு பழைய கப்பல் நிக்குதாம்."

"கப்பல்ல வந்துட்டு கப்பலையா பாக்கறது?"

அந்த அம்மாள் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டார். அவர் கேட்டது ஹக்கோதா மாருவை. ரயில் பெட்டிகளையே வயிற்றில் ஏற்றிக்கொண்டு சுகாரு நீரிணையைத் தாண்டி ஹகோதாதேக்குப் போய்வந்த படகு. 1988 மார்ச்சில் கடலுக்கடியில் போகும், மொத்தம் 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்க்கான் சுரங்கம் திறந்ததும் அதற்கு வேலை போய்விட்டது. இப்போது கரையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அடித்தளத்தில் தண்டவாளம் அப்படியே இருக்கிறது, அதன் மேல் பழைய வண்டிகள். என்னைக் கேட்டால் அவோமோரியில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். என்னை யார் கேட்கிறார்கள்?

7.41 காலடி பெரும்பாலும் 7.41க்கு விழாது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஜப்பானின் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் ஆள் ஏற்றிக்கொண்டு சுற்றச் சட்டம் இடம் தராது. அதனால்தான் யோகோஹாமாவில் கிளம்பி யோகோஹாமாவிலேயே முடிகிற பயணத்திலும் நடுவில் கொரியாவின் பூசானைச் செருகிவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தை நிமிஷக்காரர் இரவுச் சாப்பாட்டில் சூப்புக்கும் மீனுக்கும் நடுவே விளக்கியிருப்பார். ஆனால் பூசானுக்கு அடுத்த துறை அவோமோரியாக அமைந்துவிட்டால் கப்பல் முழுக்க மறுபடியும் குடிநுழைவுச் சோதனைக்கு நிற்க வேண்டும் என்பது அந்த வரிசையில் நிற்கும்போதுதான் உறைக்கும். விரல்ரேகை, முகப் படம். முன்னால் நிற்கும் பாட்டியின் ரேகை இயந்திரத்தில் பதிய மறுக்கிறது. அதிகாரி குனிந்து வணங்கி, விரலைத் துடைத்து, மறுபடி வைக்கச் சொல்கிறார். பாட்டியும் பதிலுக்கு வணங்குகிறார். நிமிஷக்காரர் வலது கடிகாரத்தைப் பார்க்கிறார், இடதைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே மாதிரி ஓடுகின்றன.

அதற்கப்புறம் ஓட்டம்தான். ஃபுருகவா மீன் சந்தையில் முதல் இழப்பு. அங்கே சீட்டுக் கட்டு வாங்கி, ஒரு கிண்ணம் சோற்றை ஏந்திக்கொண்டு கடைகடையாகப் போய், சீட்டைக் கிழித்துக் கொடுத்து இங்கே ஒரு துண்டு சூரை, அங்கே கொஞ்சம் மீன் முட்டை என்று மேலே அடுக்கிக்கொள்ளலாம். நொக்கேதோன் என்பார்கள். மீன் தொடாதவர்களுக்குச் சோறும் முட்டைத் துண்டும்தான் கதி, அந்த முட்டையிலும் மீன் சாறு கலந்திருக்கும். சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கப்பல் செவ்வாயன்று போய்ச் சேருவதாக இருந்தால், வழித்தடத்தை ஒருநாள் தள்ளிப்போடச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நம் நிமிஷக்காரர். எந்த மீனுக்கு எத்தனை சீட்டு, எதில் லாபம் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் படையில் இருவர் மூன்றாவது கிண்ணத்தில் இறங்கிவிட்டார்கள். "எங்களை விட்டுட்டுப் போயிடுங்க" என்று கையைக் காட்டிவிட்டார்கள். வாய் நிறையச் சோறு.

மிச்சம் உள்ளவர்கள் சன்னாய் மருயாமாவுக்கு. ஜோமோன் காலத்து மக்கள் குடியிருந்த இடம், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 17 ஜோமோன் தலங்களில் ஒன்று. ஆறு பிரம்மாண்டமான கஷ்கொட்டை மரத் தூண்கள் நட்டிருந்த குழிகளைக் கண்டுபிடித்து, அதே மாதிரி தூண்களை மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஏறக்குறைய 5,900 வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து 4,200 வருஷத்துக்கு முன்வரை மனிதர்கள் அங்கே வாழ்ந்தார்கள். அதாவது 1,700 வருஷம். அட்டவணையில் 38 நிமிஷம். நிமிஷத்துக்குச் சுமார் 45 வருஷம் வீதம் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

அப்புறம் ஹிரோசாகி, ரயிலில் முக்கால் மணி நேரம். இங்கேதான் அவருடைய உழைப்பின் உச்சம் தெரியும். கோட்டைச் சுவர் சரிந்துவருகிறது என்று 2015இல் மூன்றடுக்குக் கோபுரத்தை பிரிக்காமல் அப்படியே நகர்த்தி, சுமார் 70 மீட்டர் தள்ளி வைத்தார்கள். சுவர் வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே திருப்பி வைப்பது ஏற்பாடு. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிய மற்ற திட்டக்காரர்கள் வெறும் மேட்டில் போய் நிற்கும்போது, நம் ஆள் தாளில் ஒரு நிமிஷத்தைக் கழித்துத் திருத்தியிருக்கிறார். கோபுரம் திரும்பிப் போகும்போது மறுபடி கூட்டுவார். வசந்தத்தில் செர்ரி பூக்கிற கோட்டைப் பூங்காவில் 2,600 மரம் இருக்கிறதாம். அவர் வந்திருப்பது ஜூனில். இலை பார்க்க 6 நிமிஷம் போதும் என்பது அவர் முடிவு.

படை இப்போது மூன்று பேர். அவர், ஒரு கனடாக்காரர், எதற்கு வந்தோம் என்று தெரியாத ஒரு புதுமாப்பிள்ளை. அம்மாள் சன்னாய் மருயாமா பஸ்ஸிலேயே ஏறவில்லை, "கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டார்.

மற்ற துறைமுகங்களிலும் கதை இதேதான், வருத்தம் மட்டும் வேறு. ஹகோதாதேயில் 334 மீட்டர் மலை உச்சியிலிருந்து தெரியும் இரவு நகரம்தான் ஊரின் மானம். ஜூன் மாதம் சூரியன் ஏழே கால் வாக்கில் மறையும், கப்பல் பெரும்பாலும் அதற்குள் கிளம்பிவிடும். ஒளிக்கடலைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே விளக்கு எரியும்" என்று விரல் நீட்டிக் காட்டுவார். ஒதாருவில் கால்வாய் பார்ப்பதா, முக்கால் மணி தூரத்தில் இருக்கிற சப்போரோவுக்கு ஓடுவதா என்று தூக்கம் போகும். குஷிரோவில் மூடுபனி, அது எந்தத் தாளுக்கும் கட்டுப்படாது. அகிதாதான் பெரிய அவமானம். அங்கே கப்பல் பயணிகளுக்கென்றே துறைமுகத்திலிருந்து ஊர் ஸ்டேஷனுக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். இறங்கினால் ரயில், ஏறினால் ஊர். திட்டம் போட ஒன்றுமே வைக்கவில்லையே என்று அன்று முழுக்க முகம் தொங்கிவிடும்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஹிரோசாகி ஸ்டேஷனில் வழி தெரியாமல் முழித்த ஒரு வயதான தம்பதியை, அவர்கள் அவருடைய கூட்டமே இல்லாவிட்டாலும், சரியான மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்தியவர் இவர்தான். சில்லறை இல்லாதவர்களுக்குக் கொடுக்க 100 யென் நாணயமாக ஒரு பை வைத்திருக்கிறார். குப்பைத் தொட்டி கிடைக்காத நாட்டில் எல்லோருடைய காலி பாட்டிலும் இவர் முதுகுப்பையில்தான் போகும். தொந்தரவு பிடித்தவர்தான், கெட்டவர் கிடையாது.

அவோமோரியில் 95 நிமிஷ உபரியோடு கப்பலுக்குத் திரும்பியாகிவிட்டது. மற்றவர்கள் ஊரில் இருக்க, அவர் மேல்தள விளிம்பில் நின்று நுழைவாயிலைக் கண்காணிக்கிறார். கடைசிப் பத்து நிமிஷத்தில் ஆப்பிள் கேக் பெட்டியோடு ஓடிவருகிறவர்களைப் பார்த்து மேலே எல்லோரும் கைதட்டுவார்கள். இவர் தட்டமாட்டார், நேரம் பார்த்துச் சொல்லுவார்: "நாலு நிமிஷம். மூணரை." கீழே உள்ளூர்க்காரர்கள் மேளமடித்து வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இரவுச் சாப்பாட்டில்தான் அம்மாளின் நாள் வெளியே வரும். பழைய கப்பலில் அடித்தளம் வரை இறங்கிப் பார்த்தாராம். விளக்குப் பொம்மைகள் முன்னால் உட்கார்ந்தே இருந்தாராம். யாரோ வந்து மேளக் குச்சியைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்களாம், அடித்தாராம், எல்லோரும் சுற்றிக் குதித்தார்களாம். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு ஆப்பிள் சாறு.

"இதெல்லாம் எப்ப? எத்தனை மணிக்கு?"

"யாருக்குத் தெரியும். சும்மா நடந்துட்டே இருந்தேன், நடந்துது."

நிமிஷக்காரர் கொஞ்ச நேரம் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு மூன்றாவது பையிலிருந்து பேனாவை எடுத்து, ஹகோதாதே அட்டையில் இரண்டு வரிசைக்கு நடுவே சின்ன எழுத்தில் செருகினார்: 2.10 – 2.40, சும்மா நடப்பது.

அம்மாள் எட்டிப் பார்த்தார். "பச்சையா, மஞ்சளா?"

"பச்சை. ஆனா 2.40ன்னா 2.40."