கேபினெட் நல்லாத்தானே இருக்கு

"கேபினெட் நல்லாத்தானே இருக்கு, போர்டை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க" என்று நேற்று சாயந்திரம் தஞ்சாவூரில் ஒரு கடையில் கேட்டேன். நீங்களும் கேட்டவர்தான், மறைக்காதீர்கள். கவுண்டரில் இருந்த பையன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரில் கயிறு கட்டிக் கொண்டுபோயிருந்த கேபினெட்டைத்தான் பார்த்தான். பக்கத் தகட்டைக் கழற்றினான். ப்ராசஸரை ஒட்டி வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. ஒன்றிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. ஃபேன் இறக்கையில் பூச்சிக்கூடு.

"எந்த ஜெனரேஷன் சார்?"

"ஐ-3. மூணாவது."

"2012ஆ?" என்றவன் பதிலுக்குக் காத்திராமல் தகட்டை மறுபடி மாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.   

முதலில் இந்த நம்பர் விவகாரம். நம்பரைக் கண்டு மிரள்கிற ஊர்க்காரன் இல்லை நான். எங்களுக்கு நெல்லே நம்பர்தான். 1922-இல் ஆரம்பித்த ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கும் ரகத்துக்கு நம்பர் போட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்றால் குறுவை, ஏறக்குறைய 110 நாள். கட்டாக்கிலிருந்து வந்த சி.ஆர். 1009 என்றால் சம்பா, அஞ்சு மாதத்துக்கு மேல் பிடிக்கும். டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறகு அந்த 1009-க்கே சப்-1 என்று ஒன்று வந்தது. கார்த்திகை மழையில் பயிர் முழுகிக் கிடந்தாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்காக யாராவது வயலை மாற்று என்றார்களா? பழைய வரப்பு செல்லாது, மடை அகலம் ஒத்துவராது, மேட்டூர்த் தண்ணீர் இதற்கு ஆகாது, வேறு ஆற்றுத் தண்ணீர் வாங்கு என்றார்களா? அதே வயல், அதே வாய்க்கால், அதே நாற்றங்கால். விதையை மட்டும் மாற்றினோம்.

இங்கே வாருங்கள். 2009-இல் இன்டெல் சாக்கெட்டில் முள் 1156. 2011-இல் 1155. ஒரே ஒரு முள்ளைக் குறைத்தார்கள். பழைய ப்ராசஸர் அதில் உட்காராது. 2013-இல் 1150. 2015-இல் 1151. சரி, ஒரு முள்தானே, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், 2017-இல் எட்டாம் ஜெனரேஷன் வந்தது. அதற்கும் 1151. அதே எண்ணிக்கை, அதே அளவு; பழைய போர்டில் லட்சணமாக உட்காரவும் செய்யும். ஓடாது. அதற்கு 300 வரிசை சிப்செட் வேண்டுமாம். இதே வேலையை விதைநெல் மூட்டையில் செய்திருந்தால் கும்பகோணம் ரோட்டில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருப்போம். 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. ஏ.எம்.டி.காரர்கள் ஏ.எம்-4 என்ற ஒரே சாக்கெட்டை 5000 வரிசை ரைசன் வரை இழுத்தார்கள். நன்றாக இருக்கட்டும். என் வீட்டில் இருப்பது அது இல்லை.

ராம் தனி வழக்கு. டி.டி.ஆர்-3க்குக் கால் 240, டி.டி.ஆர்-4க்கு 288. டி.டி.ஆர்-5க்கும் 288தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறிவிட்டது. ஆக, போர்டு மாறினால் ப்ராசஸர் மாறும், கூடவே ராமும் மாறும். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸும் போர்டோடு சேர்ந்து போயிற்று. என் பழைய கட்டுரைகள் எல்லாம் வானவில் எழுத்துருவில், விண்டோஸ்-7இல் கிடக்கின்றன. புது போர்டுக்கு விண்டோஸ்-7 டிரைவர் கிடையாது. மாறாதது ஸ்க்ரூ ஓட்டை ஒன்றுதான். ஏ.டி.எக்ஸ். அளவு 1995-இல் வந்தது, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 1997-இல். அந்தத் தகரப்பெட்டியில் இன்றைய போர்டும் அநேகமாகச் சரியாக உட்காரும். நாம் கடையில் போய் அவ்வளவு கம்பீரமாகப் பேசுவதெல்லாம் இந்தத் தகரத்தை நம்பித்தான்.

ராத்திரி பெங்களூரில் இருக்கும் மச்சான் மகனுக்குப் போன் போட்டேன்.

"ஏன் மாமா டென்ஷன்? எச்-61 போர்டு போதும். 1155 சாக்கெட், டி.டி.ஆர்-3. உங்க ப்ராசஸர், ராம் எல்லாம் அப்படியே ஏறும். ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட்ஸ் கிடைக்கும்."

உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை எழும்பூர். மனசுக்குள் டிக்கெட்டே எடுத்துவிட்டேன்.

"ஒரே ஒரு விஷயம் மாமா. ஆரம்பத்துல வந்த எச்-61ஆ இருந்தா பயாஸ் பழசா இருக்கும். மூணாம் ஜெனரேஷனை அதுக்கு அடையாளம் தெரியாது. பயாஸை அப்டேட் பண்ணணும்."

"பண்ணிட்டாப் போச்சு."

"பண்ணணும்னா முதல்ல போர்டு ஆன் ஆகணும்ல? அதுக்கு ரெண்டாம் ஜெனரேஷன் ப்ராசஸர் ஒண்ணு வேணும். கொஞ்ச நேரத்துக்குத்தான்."

"அதை எங்கேடா போய் வாங்குறது?"

"வாங்குறதா? உங்க பரண்ல இல்லாத சாமானா மாமா?"

ஏணி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.