அரை டிக்கெட் எங்கே போட்டிருக்கு?

எங்கள் வீட்டில் 'படிக்கிறவன்' என்று பெயர் எடுத்தவன் நான்தான். சுண்டல் கட்டிக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பிரித்து, எண்ணெய் ஊறாத பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் எறிவேன். தமிழ்ப் பேப்பரை முடித்த கையோடு இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, "இவங்களுக்கே விஷயம் தெரியலை" என்று சமையலறை வரை கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்வேன். அதனால் மனைவி என்னையும் ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதச் சொன்னபோது, ரீடிங்கைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அறிவித்துவிட்டேன். மாமியார் வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

கனடாவுக்கு விண்ணப்பிப்பவள் அவள். நான், பட்டுப்புடவை எடுத்தால் கடைக்காரர் கூடவே கொடுத்தனுப்பும் கட்டைப்பை. 2015இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். உச்சம் 1200. அதில் வாழ்க்கைத் துணையின் பங்கு 40. அந்த நாற்பதிலும் 10 கனடாவில் வேலை பார்த்த அனுபவத்துக்கு. நான் அம்பத்தூரைத் தாண்டி வேலை பார்த்ததில்லை. படிப்புக்கு 10, ஆனால் என் பி.காமுக்கு அதில் 8தான். மீதி 20 ஆங்கிலத்துக்கு. கேட்க, பேச, எழுத, வாசிக்கத் தலா 5. ஆக, சுண்டல் காகிதம் முதல் தலையங்கம் வரை நான் வாசித்ததற்கெல்லாம் கனடா அரசு தரத் தயாராக இருந்தது ஐந்து.

அதோடு விட்டதா? விண்ணப்பம் போட உதவும் ஆலோசகர் ஒருவர், என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "மேடம், சார் கூட வரலைன்னு போட்டா உங்க ஸ்கோர் ஏறும்." மனிதர் பொய் சொல்லவில்லை. 34 வயதுப் பெண் தனி ஆளாகப் போனால் வயதுக்கு 83; கணவனோடு போனால் 75. பட்டப்படிப்புக்குத் தனியாக 120, கணவனோடு 112. நான் பக்கத்தில் நிற்கிற ஒரே காரணத்துக்காக அவளுக்கு வயது கூடுகிறது, படிப்பு குறைகிறது. இதையேதான் என் மாமனார் கல்யாணத்துக்கு முன்பு வேறு வார்த்தைகளில் சொன்னார்.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நான் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். எங்களுக்கானது ஜெனரல் ட்ரெய்னிங் என்ற வகை. 60 நிமிடம், 40 கேள்வி. முதல் பகுதியில் அறிவிப்பு, விளம்பரம். அடுத்ததில் வேலையிடம் சம்பந்தப்பட்டவை. கடைசியில் ஒரு நீளக் கட்டுரை. ஏறக்குறைய 34 கேள்வி சரியாக வந்தால் தேர்வுக்காரர்கள் கணக்கில் 7 பேண்டு, கனடா கணக்கில் எனக்கு முழு ஐந்து மதிப்பெண். 30 வந்தால் 6 பேண்டு, மூன்று மதிப்பெண். ராத்திரி ராத்திரியாகக் கண் விழிப்பதெல்லாம் இடையில் உள்ள அந்த இரண்டுக்காக. கணக்குப் பிரிவில் இருக்கிறவன் நான். இவ்வளவு செலவுக்கு இவ்வளவு வரவு என்று இதை எந்த முதலாளியிடம் காட்டினாலும் ஃபைலை மூடு என்பார்.

விடைப் பக்கம் என் கையில் இருந்தால் நியாயம் இருக்காது என்று அதை மகளிடம் கொடுத்திருந்தாள் மனைவி. மகள் ஐந்தாம் வகுப்பு. முதல் அறிவிப்பு ஒரு நீச்சல் குளத்தைப் பற்றியது. காலை 7 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும். 12 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடு வர வேண்டும். கீழே ஒரு வாக்கியம்: குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவு. ட்ரூவா, ஃபால்ஸா, நாட் கிவனா?

"ட்ரூ" என்றேன்.

"தப்பு. நாட் கிவன்."

"எப்படித் தப்பாகும்? குழந்தைன்னா அரை டிக்கெட்தானே?"

"அரை டிக்கெட் எங்கப்பா போட்டிருக்கு?"

"அதையெல்லாமா போடுவாங்க? பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் தானா கொடுக்கப் போறார்."

"இது பஸ் இல்லப்பா."

அடுத்தது வாடகை வீட்டுக்கு வருகிறவர்களுக்கான விதிமுறை. வீட்டைக் காலி செய்தால் முன்பணம் 14 நாளில் திருப்பித் தரப்படும். கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்: முன்பணம் மூன்று வாரத்துக்குள் கிடைத்துவிடுமா? ஃபால்ஸ் என்று அழுத்தி எழுதினேன். பென்சில் முனை உடைந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

"இதுல போட்டிருக்கேப்பா."

"போட்டிருப்பான். கொடுப்பானா? வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவுன்னு பிடிச்சது போக..."

மூன்றாவது, ஊழியர்கள் விடுப்புக்கு நான்கு வாரம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற அலுவலகச் சுற்றறிக்கை. அதில் நான் எழுதிய விடையை இங்கே சொல்வதாக இல்லை. என் மேலாளரும் பத்திரிகை படிக்கிறவர்.

மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு மனைவி வந்து விடைத்தாளைப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு இங்கிலீஷ் பிரச்சினையே இல்லை. போடாததையெல்லாம் படிக்கிறீங்க, போட்டிருக்கிறதை நம்பமாட்டேங்கிறீங்க" என்றாள்.

நம்பி என்ன கண்டோம்? அழைப்பிதழில் வரவேற்பு மாலை 6.30 மணி என்று இருந்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேற எட்டாகும் என்று தெரிந்து வளர்ந்தவன் நான். அச்சடித்ததை மட்டும் படித்துவிட்டு ஆறரைக்குப் போய் நிற்பவன், மண்டபத்துக்காரரோடு சேர்ந்து நாற்காலி வரிசை போட வேண்டியதுதான். நம் ஊரில் குடும்பம் நடத்துகிறவன் தினமும் எழுதிக்கொண்டிருப்பதே ரீடிங் தேர்வுதான். விடை மட்டும் தாளில் இருப்பதில்லை. ஆனால் இந்த வாதத்தை எழுத விடைத்தாளில் இடம் விடவில்லை.

கோடிட்ட இடம் நிரப்புவது இன்னொரு வதை. 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்று மேலே போட்டிருப்பார்கள். மூன்றாவது சொல் எழுதினால், விடை சரியாக இருந்தாலும் தவறு. ஓரெழுத்து பிசகினாலும் தவறு. இந்த விதி மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாளே வீட்டில் அமலுக்கு வந்தது.

"பால் வாங்கியாச்சா? ரெண்டு சொல்லுக்கு மிகாம."

"நான் போறப்போ அந்தக் கடை..."

"மூணு தாண்டிருச்சு."

"இல்ல, பக்கத்துக் கடையில..."

"வாங்கல. ஒரே சொல். எவ்வளவு சுலபம் பாருங்க."

அம்மாவுக்கு ஐயெல்ட்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும், மருமகள் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது என்று அக்காவிடம் போனில் பாராட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மூன்றாம் பகுதியில் தேனீ நடனம் வந்தது. கார்ல் வான் ஃப்ரிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி கண்டு சொன்னது. 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பூ இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்த தேனீ, இருட்டான கூட்டுக்குள் செங்குத்தான அடையின் மேல் உடம்பை ஆட்டிக்கொண்டே ஓடுகிறது. நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கிற பக்கம் போ என்று அர்த்தம். எவ்வளவு சாய்ந்து ஓடுகிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ, அவ்வளவு தூரம். இதைப் படித்த பிறகு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது? சமையலறைக்குப் போய், தோசைக் கரண்டியோடு நின்றவளுக்கு ஃபிரிட்ஜ் கதவைத் தேனடையாக வைத்து ஆடியே காட்டினேன். "அவனுக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஹாலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். திரும்பி வருவதற்குள் செல்போனில் அறுபதாவது நிமிடம் அடித்தது. அந்தப் பகுதியின் கேள்விகள் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன.

ஆன்லைனில் வகுப்பெடுத்த தம்பியிடம் முறையிட்டேன். என் வயதில் பாதி இருக்கும்.

"சார், நீங்க பாசேஜைப் படிக்கிறீங்க. அதான் சிக்கல்" என்றார்.

"ரீடிங் தேர்வுதானே தம்பி?"

"முதல்ல கேள்வியைப் பாருங்க. அதுல ஒரு பேரோ வருஷமோ இருந்தா, அதைப் பிடிச்சுக்கிட்டு பாசேஜ்ல தேடுங்க. அந்த வரியை மட்டும் பார்த்துட்டு வெளிய வந்துருங்க."

"மீதி?"

"மீதி எதுக்கு சார்?"

அவருடைய மாணவர்கள் 8, 8.5 என்று வாங்குகிறார்கள். அந்த வழிதான் சரி. ஆனாலும் ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் கூட்டின் முன்னால் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதில் '1973' என்ற எண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டு வெளியேற எனக்கு மனசு வரவில்லை. சுண்டல் காகிதத்துக்கே நான் அந்த மரியாதைக் குறைவைச் செய்ததில்லை.

தேர்வு நாள் வந்தது. கம்ப்யூட்டர் திரையின் மேலே நேரம் குறைந்துகொண்டே போனது. முதல் இரண்டு பகுதிகளில் மகளை மனதுக்குள் உட்காரவைத்து, எங்கே போட்டிருக்கு, எங்கே போட்டிருக்கு என்று கேட்டுக் கேட்டே கடந்துவிட்டேன். மூன்றாவது கட்டுரை எதைப் பற்றியது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல கட்டுரை. அதுவரைக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நிதானமாகப் படித்தேன்.

சில நாளில் முடிவு வந்தது. ரீடிங்கில் அவளுக்கு 8.5, எனக்கு 6.5. எட்டுப் பேண்டுக்குக் குறையமாட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்ததால், அன்று சாயங்காலமே மாமியார் போனில் வந்தார்.

"மாப்பிள்ளை, படிக்கிறதுல எத்தனை பாயின்ட் கிடைச்சுது?"

"மூணு அத்தை."

"மூணா! நூத்துக்கா?"

"இல்லைங்க அத்தை, ஆயிரத்து இருநூறுக்கு."

அத்தை போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.