புல்லட் அதிர்வைக் குறைக்க மூன்று வழிகள்

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டின் திருமுல்கேரிப் பகுதியில் பழைய புல்லட் வைத்திருப்போர், அதிர்வே வண்டியின் உயிர் என்று சத்தியம் செய்துகொண்டே அவ்வதிர்வைக் குறைக்க மாதந்தோறும் மெக்கானிக்கிடம் பணத்தைக் கொட்டுவதால், அதன் இயல்பையும் அதைக் குறைக்கும் மூன்று வழிகளையும் முறையாக ஆராய்வது இன்றியமையாததாகிறது. சென்ற ஞாயிறு விடியற்காலை ஒரு புல்லட் வீதியில் நின்றபடியே அரைமணி நேரம் சூடேற்றப்பட்டதற்கும், எதிர்வீட்டு அலமாரியின் எவர்சில்வர் டம்ளர்கள் விளிம்புவரை நகர்ந்து ஒவ்வொன்றாகக் கீழே குதித்ததற்கும் இவ்வாராய்ச்சியோடு எவ்விதத் தொடர்பும் இல்லை.

திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய 350 புல்லட் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு, 90 மி.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்றில் அப்பிஸ்டன் விநாடிக்கு 100 முறை நின்று திசை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பமும் எஞ்சினை உலுக்குவதே அதிர்வு. இவ்வுலுக்கலை ஈடுகட்ட, பிஸ்டனால் சுழற்றப்படும் கிராங்கின் ஃப்ளைவீலில் எதிரெடை வைக்கப்படுகிறது. ஆனால் பிஸ்டன் நேராக ஏறி இறங்க, எதிரெடையோ சுழல்வதால், முழுவதும் ஈடுகட்டினால் மேல்கீழ் ஆட்டம் போய் முன்பின் ஆட்டம் வந்து சேரும். ஆகவே ஒரு பங்கு மட்டுமே ஈடுகட்டப்படுகிறது. அப்பங்குக்கு பேலன்ஸ் ஃபாக்டர் என்று பெயர். இது ஆட்டத்தை ஒழிப்பதன்று, எந்தப் பக்கம் ஆடுவதென்று பேரம் பேசுவது. கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழன்று இவ்வாட்டத்தைத் தணிக்கும் பேலன்சர் தண்டு 2020இல் மீட்டியர் 350 என்னும் பிந்தைய மாடலில் வந்துவிட்டது. பழைய வண்டிக்காரர்கள் அம்மாடலை வண்டியாகவே மதிப்பதில்லை என்பதால் இங்கும் அது விடப்படுகிறது.

முதல் வழி, எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், சிலிண்டர் தலையைப் பிடித்துநிறுத்தும் ஹெட் ஸ்டெடி என்னும் தகட்டையும் முறுக்குவது. காசு செலவாகாத வைத்தியம் என்பதால் இதை எவரும் நம்புவதில்லை.

இரண்டாவது, ஹேண்டில்பார் முனைகளில் எடை சேர்ப்பது. எடை கூடினால் குழாயின் இயல்பதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், குறைந்து எஞ்சினின் ஆட்டத்தோடு ஒத்துப்போகாமல் விலகும். இது கைக்கு நல்லது. பின்காட்டும் கண்ணாடிக்கு எதுவுமே நல்லதன்று. வண்டி நிற்கையில் அக்கண்ணாடியில் ஆர்.டி.சி. பஸ் இரண்டாகத் தெரியும்; லால் பஜார் தாண்டி நாற்பதைத் தொட்டால் வெறும் நிறமாகத் தெரியும்; ஐம்பதில் பஸ், ஆட்டோ, எருமை மூன்றும் ஒரே பூச்சாகிவிடும். உரிமையாளர் உடனே கண்ணாடியைத் துடைக்கிறார். பிறகு நட்டை முறுக்குகிறார். அல்வால் போய்ச் சேர்வதற்குள் நட்டு தளர்ந்து கண்ணாடி வானத்தைப் பார்க்கிறது. சைக்கிள் ட்யூபை வெட்டி வாஷராக இடுகிறார். இப்போது அது தரையைப் பார்க்கிறது. வட்டத்தைக் கழற்றிவிட்டுச் சதுரக் கண்ணாடி மாட்டுகிறார். பஸ் சதுரமாகக் கலங்குகிறது. கடைசியில் கண்ணாடியையே கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, “வைப்ரேஷன் சுத்தமா போயிடுச்சு சார்” என்று இரானி சாயா கடையில் அறிவிக்க, அங்கிருப்போர் கைப்பிடியைத் தொட்டுப்பார்த்து ஆமோதிக்கின்றனர். எஞ்சின் அப்போது அணைந்திருக்கிறது.

மூன்றாவது வழி கிராங்கை வெளியே எடுத்து மீண்டும் சமன் செய்வது. இதற்கு எஞ்சினை இறக்க வேண்டும். இறக்கிய கையோடு சைலன்சரையும் கழற்றிவிட்டு வெற்றுக்குழாய் மாட்டுவது இங்குள்ள வழக்கமாதலால், அதன்பின் அதிர்வு குறைந்ததா என்று கேட்டாலும் கேள்வி உரிமையாளரின் காதில் விழுவதில்லை.