புதுப்பிப்புப் பித்தர்

ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. பல் துலக்கும் முன்பே டெர்மினலைத் திறந்து அப்டேட் கட்டளையைத் தட்டிவிடுவார். ஏதோ ஒரு லைப்ரரி 3.2.1 என்பதிலிருந்து 3.2.2 ஆகிவிட்டால், பேத்திக்குக் காது குத்தி முடித்த பூரிப்பு முகத்தில் தெரியும். அந்த லைப்ரரி என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "எல்லாம் பாதுகாப்புக்குத்தான்" என்பார். இதைத்தான் நம்ப முடியவில்லை. அவருக்கு வேண்டியது பெரிய எண். பாதுகாப்பு அதற்குப் போர்த்திய பொன்னாடை. இல்லாவிட்டால், கெர்னலைப் புதுப்பித்த கையோடு கணினியை ரீபூட் செய்திருப்பாரே? செய்ய மாட்டார். எத்தனை நாளாக அணைக்காமல் ஓடுகிறது என்ற கணக்கு கெட்டுவிடுமாம். புதிய கெர்னல் வட்டில் தூங்க, பழையதே தன் ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருக்கும். பழைய கெர்னலின் மாட்யூல்கள் அழிந்துபோனதால், செருகிய பென்டிரைவ் திறக்காமல் அடம்பிடித்தாலும் பழி பென்டிரைவுக்குத்தான். அப்டேட் செய்யுமுன் அறிவிப்புகளைப் படியுங்கள் என்று ஆர்ச் விக்கியே சொல்கிறது. படிக்க ஏது நேரம்? அடுத்த அப்டேட் வந்துவிட்டதே!

"அப்படியானால் ஓட்டையோடு கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று அவர் சீறுவதில் நியாயம் இருக்கிறது. சூடோவில் 2011-இல் புகுந்த பிழை 2021 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சாதாரணப் பயனர் யாரும் ரூட் ஆகிவிடலாம் என்ற அளவுக்கு மோசமான பிழை. அதைத் திருத்தாமல் இருப்பது மடமை. ஆனால் அந்தத் திருத்தம் டெபியன் ஸ்டேபிள் வைத்திருந்தவருக்கும் உடனே கிடைத்தது. சூடோவை உருவாக்கியவர்கள் 1.9.5பி2 வெளியிட, டெபியன்காரர்கள் தங்கள் பழைய 1.8.27-இலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்தார்கள். பதிப்பு எண் ஏறவில்லை, ஆபத்து இறங்கிவிட்டது. நம்மவரோ 1.8.27-ஐப் பார்த்து, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவார்.

புதுமையே ஆபத்தாக வந்ததும் உண்டு. 2024-இல் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவனோ எஸ்எஸ்எச் வழியே நுழையக் கள்ளக்கதவு வைத்திருந்தான். டெபியன் ஸ்டேபிளில் இருந்தது 5.4.1, அங்கே கதவே இல்லை. ஆர்ச்சுக்கு அந்தப் பதிப்புகள் வந்து சேர்ந்தன. அங்கே எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டின் லைப்ரரியோடு இணைக்கப்படாததால் கள்ளன் வந்த வழி அடைபட்டிருந்தது. தப்பியது அமைப்பின் புண்ணியம், அவசரத்தின் சாமர்த்தியம் அல்ல.

"எல்லாரும் பழையதிலேயே உட்கார்ந்திருந்தால் கள்ளனைப் பிடிப்பது யார்?" இது வலுவான கேள்வி. அந்தக் கள்ளக்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டும் சோதனைக்காகப் புத்தம் புதிய டெபியன் சிட் வைத்திருந்தவர்தான். (அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பதைப் பித்தர் காதில் போட வேண்டாம்.) ஆனால் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமானதைக் கண்டு, ஏன் என்று தோண்டினார் அவர். நம் பித்தரும் அந்த அரை விநாடியைக் கவனித்திருப்பார். கவனித்துவிட்டு, சரியாகிவிடும் என்று இன்னொரு முறை அப்டேட் கொடுத்திருப்பார்.