வைஃபை காத்துல சார்ஜ் ஏத்தற பேராண்டிக்கு

ஏம்ப்பா பேராண்டி, இனிமே போனுக்கு சார்ஜரே வேண்டாம், வைஃபை காத்துலயே ஏறிடும்னு தேக்கா பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறியாமே? படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். கைநாட்டுக் கெழவன், எனக்கு என்ன தெரியும்? ஆனா கோப்பிக் கடையில சும்மா ஒக்காந்திருந்தா நாலு சேதி காதுல விழத்தான செய்யுது. நீ சொன்னதுல பாதி நெசம். அதான் கவலை. முழுப் பொய்யா இருந்தா எவனும் அதுல காசு போட மாட்டான்.

நெசத்தை மொதல்ல சொல்லிடறேன். 2021-ல நம்ம கெண்ட் ரிட்ஜ் என்யுஎஸ்ல பேராசிரியர் யாங் ஹியுன்சூ குழு, ஜப்பான் தொஹோக்கு பல்கலைக்கழகத்தோட சேந்து, கண்ணுக்கே தெரியாத எட்டுக் காந்தச் சாதனங்களை ஒண்ணு பின்னால ஒண்ணாக் கோத்தாங்க. வைஃபை ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அதுங்க வாங்கி, நேர் மின்சாரமா மாத்துச்சு. அஞ்சு செகண்டு கெப்பாசிட்டர்ல சேத்ததும் அலையை நிறுத்திட்டாங்க, 1.6 வோல்ட் எல்இடி ஒண்ணு அதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் எரிஞ்சுச்சு. அந்த ஒரு நிமிஷத்துல நீ கம்பெனிக்குப் பேரே வச்சுட்ட.

அந்தச் சாதனத்துக்குள்ள காந்தம் எப்படி ஆடுதுன்னு கேட்டா, "ஒங்களுக்குப் புரியாது தாத்தா"ன்ன. சரிதான். எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன், தப்பிருந்தா திருத்து. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஸ்பின்னுன்னு ஒரு திசை உண்டு. சாதாரணக் கம்பியில எல்லாத் திசையும் கலந்தே ஓடும். அசையாத ஒரு காந்தப் படலம் வழியா விட்டெடுத்தா, பெரும்பாலும் ஒரே பக்கம் பாத்த கூட்டமா வெளிய வரும். அந்தக் கூட்டம் அடுத்த மெல்லிய படலத்துக்குள்ள நுழைஞ்சு, அங்க இருக்கற காந்தத்தைத் தள்ளும். தள்ளினா அது பம்பரம் மாதிரித் தலையைச் சுத்திச் சுத்தி ஆடும். பம்பரம்னா கொஞ்ச நேரத்துல ஓஞ்சு படுத்துடும். இதை ஓய விடாம கரண்டு தள்ளிக்கிட்டே இருக்கு. ஆட்டத்துக்குத் தக்கபடி மின்தடை ஏறி எறங்கும், அதுலேருந்து செகண்டுக்குப் பலநூறு கோடி தடவை துடிக்கிற சிக்னல் வரும். இப்படி நடக்கும்னு ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்கர்னு ரெண்டு இயற்பியல்காரங்க 1996-லயே தனித்தனியாக் கணக்குப் போட்டாங்க. கார்னெல் பல்கலைக்கழகத்துல அந்த ஆட்டத்தை நேரா அளந்து பாக்க 2003 ஆச்சு. என்யுஎஸ் ஆளுங்க செஞ்சது தலைகீழ் வேலை: வெளியிலிருந்து வர்ற அலை காந்தத்தை ஆட்டும், நேர் மின்சாரத்தை நாம எடுத்துக்கணும்.

இப்ப ஒன் போனுக்கு வருவோம். வீட்டுல சும்மா சுத்துற அலையில கைக்கு வர்றது பெரும்பாலும் பத்து மைக்ரோவாட்டுக்கும் கீழ. பத்துன்னே வச்சுக்குவோம், ஒரு துளி வீணாகலன்னும் வச்சுக்குவோம், தாத்தா தாராள மனசுக்காரன். போன் பேட்டரி சுமார் 15 வாட்-மணி. வகுத்துப் பாரு: 15 லட்சம் மணி நேரம், அதாவது 171 வருஷம். நாராயண பிள்ளை ராஃபிள்ஸோட சிங்கப்பூர்ல வந்து எறங்கின 1819-லயே செருகியிருந்தா, 1990-ல நூறு பர்சென்ட் காட்டியிருக்கும். நடுவுல வாட்ஸாப் பாக்கக் கூடாது. ஒன்னால ஆகுமா?

அதுக்காக அவங்களைக் கிண்டல் பண்றேன்னு நெனச்சுடாத, கிண்டல் ஒன்னைத்தான். 2024-ல அதே குழு இன்னும் நுணுக்கமாப் போயி, பத்து மைக்ரோவாட்டுக்கும் கொறஞ்ச அலையிலயே கடையில விக்கிற வெப்பநிலை சென்சார் ஒண்ண ஓட்டிக் காட்டிடுச்சு. அதுதாம்ப்பா தொழிலுக்கு வழி. வீவக புளோக்குல ஒசரத்துல மாட்டுன சென்சாருக்கு ஏணி போட்டு பேட்டரி மாத்தற வேலை மிச்சமாகும்னு சொல்லு, நானே கூட வந்து பேசறேன். போன் கதையைத்தான் அளப்பேன்னா, காசு போட வர்றவங்ககிட்ட அந்த 171-ஐ நீயே மொதல்ல சொல்லிடு. பக்கத்து மேசையில நான்தான் கோப்பி-ஓ குடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்.